குருதிக் கொழுப்பும் வாய்ப் புற்றும்: குறிகுணமா, நோய்முதலா?

வாய்ப் புற்றுநோயாற் பீடிக்கப்பட்டோரின் குருதியிற் கொழுப்பின் அளவு, நோயற்றோரிடம் உள்ளதைவிடக் குறைந்து காணப்படுகின்றது என்னும் கருத்து கடந்த சில தசாப்தங்களாக மருத்துவ ஆய்வேடுகளில், சிறப்பாக இந்திய ஆய்வேடுகளில், பதிவாகி வந்துள்ளது. மாரடைப்புப் பற்றிய அச்சத்தினாற் கொலஸ்திரோல் என்னும் சொல்லை ‘உயர்வு’ என்ற சொல்லுடன் சேர்த்தே கேட்டுப் பழகிய எமக்கு இச்செய்தி வியப்பளிப்பது இயல்பே. எனினும், இதனை எவ்வாறு பொருள்கொள்வது என்று வினவுமிடத்துச் சிக்கல்கள் தோன்றுகின்றன. குருதியிற் கொழுப்புக் குறைவதால் வாயிற் புற்று உண்டாகின்றதா? வாயிற் புற்று உண்டாவதாற் கொழுப்புக் குறைகின்றதா? அன்றி, இவையிரண்டும் வேறொரு மூலத்தின் இரு விளைவுகளா? இவ்வினாக்களுக்கு அளிக்கப்படும் விடை ஆய்வுகூடத்தின் நான்கு சுவர்களுள் அடங்கிவிடுவதன்று. மலையகத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாயை யார், எப்போது, எதனைக் கொண்டு பரிசோதிப்பது என்பதும் அவ்விடையிலேயே தங்கியுள்ளது.

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்துறையுட் புகுவது பொருந்துமா என வாசகர் சிலர் ஐயுறக்கூடும். ஆயின், அடையாளத்தைக் காரணமெனக் கொண்டு மயங்குவது எமது துறைக்கும் புதியதொன்றன்று. ஒரு காலப்பகுதியின் கவிதைகளிற் காணப்படும் விரக்தியைக் கவிஞரின் மனப்பாங்கு என்று சொல்லி அமைதி காண்போர் இன்றும் எம்மிடையே உளர். அவ்விரக்தி எந்த வாழ்க்கையிலிருந்து ஊறி வந்தது என்பதை அவர்கள் கேட்பதில்லை. தமிழிற் குறிகுணம் என்றும் நோய்முதல் என்றும் இரு வேறு சொற்கள் உண்டு. குருதிக் கொழுப்பு இவற்றுள் எதன்பாற்படும் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

கொழுப்பு என்ற சொல்லுக்குப் பேச்சுவழக்கில் ஏற்பட்டுள்ள பொருள் விரிவும் இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது. ‘அவனுக்குக் கொழுப்பு’ என்று கூறும்போது ஒருவரது திமிரையே சுட்டுகின்றோம். உண்டு கொழுத்தவனே பிறரை மதியாது நடப்பான் என்னும் உழைக்கும் மக்களின் நெடுங்கால அனுபவம் அச்சொல்லிற் படிந்து கிடக்கின்றது. குருதிக் கொழுப்பை வசதி படைத்தோரின் வியாதியாகக் காணும் பொதுப்புத்திக்கும் இதுவே அடி எனலாம். அப்பொதுப்புத்தி இன்று முழுதும் பொருந்தாது. வறியோரிடையேயும் இதயநோய் பரவியுள்ளது. எனினும் வாய்ப் புற்று தென்னாசியாவைப் பொறுத்தவரையிற் பெரும்பாலும் வறியோரின் நோயாகவே இருந்து வருகின்றது. அவர்களது குருதியிற் கொழுப்புக் குறைவு என்று ஆய்வாளர் கூறும்போது, நோயைப் பற்றிய செய்தியுடன் வறுமையைப் பற்றிய செய்தியும் அதிற் கலந்துள்ளதா என்ற ஐயம் எழுந்தேயாக வேண்டும்.

முதலிற் குருதிக் கொழுப்பின் தொழிற்பாட்டைச் சுருக்கமாக நோக்குவோம். கொழுப்பு நீரிற் கரையாதது. ஆதலால் அது குருதியிலே தனித்துச் செல்வதில்லை; புரதத்துடன் பிணைந்து நுண்ணிய துணிக்கைகளாகவே செல்கின்றது. குறைந்த அடர்த்தியுடைய துணிக்கைகள் கொலஸ்திரோலை உடற்கலங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. உயர்ந்த அடர்த்தியுடையவை கலங்களில் மிகுந்திருப்பதை ஈரலுக்கு மீட்டு வருகின்றன. முக்கிளிசரைட்டு எனப்படுவது உடலின் எரிபொருட் சேமிப்பு. கொலஸ்திரோல் இயல்பாகத் தீய பொருளன்று. ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்துள்ள மென்சவ்வு அதனாலேயே உறுதி பெறுகின்றது. பித்த அமிலங்களும் பாலியல் ஓமோன்களும் அதிலிருந்தே ஆக்கப்படுகின்றன. கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஒருவகை வாங்கிகள் குறை அடர்த்தித் துணிக்கைகளைப் பற்றி உள்ளிழுக்கின்றன என்பதை அமெரிக்க அறிஞர்களான மைக்கேல் பிறவுணும் ஜோசப் கோல்ட்ஸ்ரைனும் 1970களிற் கண்டறிந்தனர். அவர்களுக்கு 1985இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கொலஸ்திரோல் கூடுதலாகத் தேவைப்படும் கலம் வாங்கிகளைக் கூடுதலாக ஆக்கிக்கொள்கின்றது என்பது இக்கண்டுபிடிப்பின் முக்கியமான கூறு. புற்றுக் கலம் ஓயாது பிரிவது. பிரியுந்தோறும் புதிய மென்சவ்வு அதற்குத் தேவை. எனவே புற்றுநோய் முற்றுமிடத்து அது குருதியிலுள்ள கொழுப்பை ஈர்த்துக்கொள்ளும் என எதிர்பார்ப்பது நியாயமே.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். அகமதாபாத்திலுள்ள குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர் 2004இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வு இவ்விடயத்தில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. தலை, கழுத்துப் பகுதிகளிற் புற்றுநோயுடைய 184 பேர், வாயிற் புற்றாக மாறத்தக்க முன்னிலை நோய்களையுடைய 153 பேர், நோயற்றோர் 52 பேர் ஆகியோரின் குருதியை அவர்கள் ஒப்பிட்டனர். மொத்தக் கொலஸ்திரோலும் உயர் அடர்த்தித் துணிக்கைகளிலுள்ள கொலஸ்திரோலும் நோயுடைய இரு சாராரிடமும் குறைந்திருந்தன. முக்கிளிசரைட்டு புற்றுநோயாளரிடம் குறைந்திருந்தது. அத்துடன், புகையிலைப் பழக்கமுடையோரின் கொழுப்பளவு அப்பழக்கம் இல்லாதோரின் அளவிலும் தாழ்ந்திருந்தது. இறுதியாகக் கூறப்பட்ட செய்தி, எமது நோக்கில், முன்னையவற்றைவிட முக்கியமானது. நோய் தோன்றுமுன்பே பழக்கம் குருதியில் மாற்றத்தை ஏற்படுத்தியிருக்கக் கூடும் என்பதற்கு அது இடமளிக்கின்றது. புகைபிடித்தல் உயர் அடர்த்திக் கொலஸ்திரோலைக் குறைப்பது பல நாடுகளிலும் உறுதிப்பட்ட செய்தியாகும்.

இத்தகைய ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. நோய் வந்த பின்னரே குருதி எடுக்கப்படுகின்றது. வாயிற் புற்றுடையவர் எதனை, எவ்வாறு உண்கிறார் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தால் இவ்வரம்பின் பொருள் விளங்கும். கன்னத்திற் புண், நாக்கை அசைத்தால் வலி, உறைப்பும் புளிப்பும் தீயாக எரிக்கும். பாக்கினால் வரும் இன்னொரு நோயில் வாயின் உட்சவ்வு நாளடைவில் இறுகி நாராகிவிடுகின்றது. கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் 1952இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோய் முற்றியவருக்கு இரு விரலை நுழைக்குமளவுக்குக்கூட வாய் திறவாது போகலாம். சோற்றைக் கரைத்துக் குடித்தும் கஞ்சியைப் பருகியும் மாதக்கணக்கில் வாழ்பவரின் குருதியிற் கொழுப்புக் குறைந்திருப்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

இம்மயக்கம் வாய்ப் புற்றுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஜெஃப்ரி றோஸும் பிறரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையொன்று, பெருங்குடற் புற்றால் இறந்தோரின் முன்னைய கொலஸ்திரோல் அளவு எதிர்பார்த்ததிலும் குறைவாக இருந்தமையைச் சுட்டிக்காட்டியது. தொடர்ந்து பல ஆண்டுகள் குறைந்த கொலஸ்திரோல் புற்றுநோயை வருவிக்குமா என்ற விவாதம் நடைபெற்றது. புற்று வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரேயே உடலுள் அது வளரத் தொடங்கிவிடுவதால், ‘முன்னர் எடுத்த குருதி’ என்பதும் உண்மையில் நோய்க்கு முந்தியதாகாது என்பதே மறுதரப்பாரின் வாதம்.

இவ்விவாதத்திலிருந்து வெளியேற நெதர்லாந்தின் மார்ட்டின் கற்றான் 1986இல் ‘லான்செற்’ சஞ்சிகைக்கு எழுதிய சிறு கடிதமொன்றில் வழி காட்டினார். அவ்வழியின் எளிமை வியக்கத்தக்கது. கொழுப்புத் துணிக்கைகளிலுள்ள ஒரு புரதத்துக்குப் பரம்பரையாக வரும் வடிவங்கள் பல உள. அவற்றுள் ஒன்றைப் பெற்றவர்கள் பிறந்தது முதலே குறைந்த கொலஸ்திரோலுடன் வாழ்கின்றனர். கொலஸ்திரோற் குறைவுதான் புற்றை உண்டாக்குகின்றதாயின், புற்றுநோயாளரிடையே அவ்வடிவத்தைப் பெற்றோர் மிகுதியாகக் காணப்படவேண்டும். நோய் குருதியை மாற்றலாம். பிறப்பில் வந்த மரபணுவை மாற்றாது. வறுமையும் அதனை மாற்றாது. காரணத்தையும் விளைவையும் பிரித்தறிய இன்று பெருவழக்காகியுள்ள மரபணுவழி ஆய்வுமுறையின் வித்துக்களுள் ஒன்றாக இக்கடிதம் கொள்ளப்படுகின்றது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றின் வகை மருந்துகள் பற்றிய பெருஞ்சோதனைகளும் இவ்விடத்திற் சான்று பகர்வன. அவ்வாறான 27 சோதனைகளிற் பங்குகொண்ட ஏறத்தாழ 1,75,000 பேரின் தரவுகள் ஒன்றுசேர்க்கப்பட்டு 2012இல் ஆராயப்பட்டன. மருந்தினாற் கொலஸ்திரோலைக் குறைத்தோரிடையே புற்றுநோய் கூடவுமில்லை, குறையவுமில்லை. சோதனைகள் சில ஆண்டுகளே நீடித்தவை என்பதும், வாய்ப் புற்று மட்டும் அங்கு தனித்து ஆராயப்பட்ட பொருளன்று என்பதும் உண்மையே. ஆயினும், ‘கொழுப்புக் குறைந்தாற் புற்று வரும்’ என்று கேள்விப்பட்டு இதயநோய்க்கான மருந்தை நிறுத்திவிடுவோர் இருப்பின், அவர்களின் செயலுக்கு இவ்வாய்வுகளில் ஆதாரம் ஏதுமில்லை.

குருதியிற் குறைந்திருப்பதை ஊட்டிச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்துக்குக் கிடைத்த கசப்பான பாடமொன்றையும் இங்கு குறிப்பிடவேண்டும். கரட், பப்பாசி, கீரை முதலியவற்றிலுள்ள பீற்றா கரோட்டீன் கொழுப்புத் துணிக்கைகளிலேயே குருதியிற் பயணஞ் செய்வது. புற்றுநோயாளரின் குருதியில் அது குறைவு என்றும், அதனை மிகுதியாக உண்போருக்குப் புற்று அரிது என்றும் பல அவதானிப்புகள் இருந்தன. பின்லாந்திற் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய சோதனையிற் பீற்றா கரோட்டீன் குளிசையாகக் கொடுக்கப்பட்டது. 1994இல் முடிவு வெளியானபோது, குளிசை உண்டோரிடையே சுவாசப்பைப் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. கீரை உண்பவரின் வாழ்க்கை முழுவதும் அக்கீரையுடன் சேர்ந்தே வருகின்றது. அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்துக் குளிசையாக்கினால் வாழ்க்கை அக்குளிசையுடன் வந்துவிடுவதில்லை.

அவ்வாறாயின் நோய்முதல் யாது? இதில் ஐயத்துக்கு இடமில்லை. திருவிதாங்கூரின் தென்பகுதியில், தமிழ் வழங்கும் நெய்யூரிலிருந்த மிஷன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப் புற்றுப் பற்றி 1933இலேயே ‘லான்செற்’ சஞ்சிகையில் விரிவாக எழுதினார். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இற் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூறு புற்றை உண்டாக்குவது என்று முடிவு செய்தது. புகையிலை சேராத கூறும், பாக்குத் தனியாகவும்கூடப் புற்றை உண்டாக்குவன என்று 2004இல் வெளியான அறிக்கையில் அது அறிவித்தது. பாக்கும் சுண்ணாம்பும் சேருமிடத்து வாயில் தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வடிவங்கள் தோன்றிக் கலங்களின் கொழுப்பையும் மரபணுப் பொருளையும் ஒருங்கே சிதைக்கின்றன. குருதிக் கொழுப்பில் ஏற்படும் மாற்றத்தின் ஒரு பகுதியை இதனோடு தொடர்புபடுத்துவோரும் உளர். அப்படிக் கொண்டாலும் கொழுப்பு இங்கு தாக்கப்படும் பொருளேயன்றித் தாக்கும் பொருளன்று.

திருவிதாங்கூரை நாம் எடுத்துக்கூறியமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு நெடுங்காலம் பெருஞ்சந்தையாக விளங்கியது அச்சமஸ்தானமே. அங்கு அது சப்புவதற்கே வாங்கப்பட்டது. சமஸ்தான அரசின் வருவாயிற் புகையிலைத் தனியுரிமை முக்கிய இடம்பெற்றிருந்த காலமும் இருந்தது. யாழ்ப்பாணத்து விவசாயியின் கடனும், வணிகரின் இலாபமும், அரசின் வரியும் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கூலியாளின் கன்னத்தின் உட்புறத்தில் வந்து சந்தித்தன என்று கூறுவது மிகையாகாது. எமது பொருளாதார வரலாற்றாசிரியர்கள் புகையிலையின் ஏற்றுமதிக் கணக்கை எழுதியுள்ளனர். அதனைச் சப்பியோரின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

வெற்றிலை எமது பண்பாட்டில் மங்கலப் பொருள். தட்டத்தில் வைத்து வருவோரை உபசரிப்பதும், தாம்பூலம் மாற்றித் திருமணத்தை நிச்சயிப்பதும் இன்றும் உள்ள வழக்கங்கள். பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் எதனையும் வினவாது விடும் வழக்கம் எம் அறிஞரிடையே மிகுதி. ஆனால் விருந்துக்குப் பின் தட்டத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு வாய் வெற்றிலையும், கொட்டைப்பெட்டியிலோ மடியிலோ முடிந்து கொண்டுசென்று நாளொன்றுக்குப் பத்துத் தடவை அடக்கிக்கொள்ளும் வெற்றிலையும் ஒன்றல்ல. பின்னையது உழைப்பின் உபகரணம். பாக்கிலுள்ள அரிக்கோலினும் புகையிலையிலுள்ள நிக்கொற்றினும் உடலை விழிப்பூட்டுவன, பசியை மந்தப்படுத்துவன. விடியலிற் கொழுந்தெடுக்கச் சரிவில் ஏறும் பெண், மலையட்டையும் மழையும் குளிரும் நிறைந்த மலையில் உச்சிவேளை வரை நிற்பதற்கு, கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேராகிவிடாதிருப்பதற்கு, இப்பொருள் துணைசெய்கின்றது. கோப்பித் தோட்டங்களுக்கென 19ஆம் நூற்றாண்டிற் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் உணவுக்குச் செலவிட இயலாததை வெற்றிலையைக் கொண்டு ஈடுசெய்து வந்துள்ளனர். உழைப்புச் சக்தியை நாளாந்தம் மறுஉற்பத்தி செய்வதற்கான செலவை மூலதனம் எவ்வாறு தொழிலாளியின் உடலின்மீதே சுமத்துகின்றது என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் கிடைப்பதரிது.

ஆய்வுகளும் இதனை வேறு மொழியிற் கூறியுள்ளன. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றும் அதன் முன்னிலைகளும் பரவியுள்ள அளவையும் அவற்றுக்கான ஏதுக்களையும் ஆராய்ந்த கட்டுரை 2007இல் வெளியானது. சப்பிரகமுவ மாகாணக் கிராமங்களில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடையே முன்னிலை நோய்கள் 11.3 சதவீதம் என 2010இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நோய் இனத்தையோ மொழியையோ பார்த்து வருவதில்லை. சிங்களக் கிராமத்து விவசாயியும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் இதில் ஒரே வரிசையிலேயே நிற்கின்றனர். அச்சப்பிரகமுவ ஆய்வாளர்களே பின்னர், உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருப்பது, வெற்றிலையும் மதுவும் ஒருபுறமிருக்க, தனியானதோர் அபாய ஏதுவாகத் தோன்றுவதைக் காட்டினர். மெலிந்த உடல், குறைந்த கொழுப்பு, கீரையும் பழமும் அரிதான உணவு, ஓயாத வெற்றிலை என்பன ஒரே வாழ்க்கையின் பல முகங்கள். அவற்றுள் ஒன்றைச் சோதனைக் குழாயில் அளந்து அதற்கு எண்ணிடலாம். அவ்வெண் ஏனையவற்றுக்குக் காரணமாகிவிடாது. கலத்தை நோயின் இருப்பிடமெனக் காட்டிய றுடோல்ஃப் விர்ச்சோவே, 1848இல் மேற்சைலீசியாவிற் பரவிய ரைபசுக் காய்ச்சலை ஆராய அரசினால் அனுப்பப்பட்டபோது, மருந்தைக் காட்டிலும் கல்வியையும் ஜனநாயகத்தையும் வாழ்க்கை வசதியையும் பரிந்துரைத்துத் திரும்பினார். நுணுக்குக்காட்டி அவரது சமூகப் பார்வையை மறைக்கவில்லை.

குருதிக் கொழுப்பை வாய்ப் புற்றை முன்னறியும் சோதனையாக்கலாம் என்று சில ஆய்வாளர் முன்மொழிவதை இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். ஏற்கெனவே நோயுற்றவரின் உணவு நிலையையும் சிகிச்சைக் காலத்தில் அவரது தேறுதலையும் கவனிக்க இவ்வளவு பயன்படலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனாற் பட்டினி, ஈரல் நோய், தொற்று, பரம்பரை என்று கொழுப்புக் குறைவதற்கு எத்தனையோ வழிகள் உள. குறைந்த எண்ணைக் கண்டு எவரது வாயிற் புற்று உள்ளதென்று எவராலும் கூறவியலாது. மாறாக, வாய் வெளிச்சத்துக்கு எட்டும் உறுப்பு. வயிற்றைப்போலவோ சுவாசப்பையைப்போலவோ அது மறைந்திருப்பதன்று. இலங்கையில் ஆரம்பச் சுகாதார ஊழியர் சிலர் பயிற்சி பெற்று ஓராண்டுள் 28,000க்கு மேற்பட்ட கிராம மக்களின் வாயைப் பார்த்து நோய்க்குறிகளைக் கண்டுபிடிக்க இயலும் என்பதை 1984இல் வெளியான ஆய்வு நிறுவியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளில் நடைபெற்ற பெருஞ்சோதனையின் முடிவு 2005இல் வெளிவந்தது. வெறுங்கண்ணால் வாயைப் பார்க்கும் இம்முறை, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்று மரணத்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் உதடு, வாய்ப் புற்றுகளால் ஏறக்குறைய 1,77,000 பேர் இறந்தனர் என்ற மதிப்பீட்டுடன் வைத்துப் பார்க்கையில் இம்மூன்றிலொரு பங்கின் பெறுமதி புலப்படும்.

எமது 1984 ஆய்வின் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோய்க்குறி உண்டெனக் கூறி மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேரே அதற்குச் சமுகமளித்தனர். எஞ்சியோரின் அறியாமையே இதற்குக் காரணமென்று சொல்லி அமைந்துவிடுவது எளிது. நாட்கூலி பெறுபவருக்கு நகரத்து வைத்தியசாலைக்குச் செல்லும் நாள் பேரில்லாத நாள்; அதன்மேற் பஸ் செலவு. வலிக்காத ஒரு வெண்தழும்புக்காக அச்செலவை ஏற்பதா என்பது அவர் முன்னுள்ள வினா. முன்னிலைக் கட்டத்தில் இத்தழும்புகள் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இந்நோயின் வஞ்சகம்.

வாயினாற் பயன்படுத்தும் புகையிலைப் பொருள்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியன இலங்கையில் 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியாற் தடைசெய்யப்பட்டன. பாக்கு அத்தடையால் அகன்றுவிடவில்லை. புகையிலையின்றியும் அது தன் வேலையைச் செய்யும் என்பதை மேலே கண்டோம். தோட்டங்களில் மாணவர் நடத்தும் சிரமதானங்களும் கல்விச் சுற்றுலாக்களும் மருத்துவ, பல்மருத்துவ பீடங்களின் மாணவர்களுடன் இணைந்து நடைபெறுமாயின், ஒரு கைவிளக்கும் ஒரு சிறு கண்ணாடியும் கொண்டு லயங்களிலேயே வாய்களைப் பார்க்கலாம். துடைத்தாற் போகாத வெண்தழும்பு, செந்தழும்பு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், முன்போல அகலத் திறவாத வாய் ஆகிய நான்கையும் கண்டறியப் பட்டம் தேவையில்லை. கண்டறிந்தபின் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் நாளைச் சம்பளத்துடன் கூடிய லீவாகப் பெற்றுக்கொடுப்பது தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறவேண்டியதொன்று.